பெரியப்பாவின் பேஸ் கித்தார்

தமிழ் இசைக்குழு மேடையில் பாடகர் முன்னே நிற்பார். கீபோர்டும் தபேலாவும் அவருக்குப் பக்கத்தில் இருக்கும். பின்வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டி நின்றபடி ஒருவர் நான்கு தடித்த தந்திகளை வாசித்துக்கொண்டிருப்பார். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. அவர் கையை எடுத்துவிட்டால்தான் பாட்டில் ஏதோ குறைகிறது என்று எல்லாருக்கும் தெரியவரும். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் கித்தாரைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் பெரியப்பா, ஈப்போ வட்டாரத்துத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் முப்பது ஆண்டுகள் அப்படிப் பின்வரிசையில் நின்றவர்.

விரல் மூட்டுகள் மடங்க மறுத்த பிறகு தமது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை என்னிடம் கொடுத்தார். விதித்தது ஒரே நிபந்தனை. சுவரில் மாட்டி அழகு பார்க்கக் கூடாது, வாசிக்க வேண்டும். கூடவே ஒரு தகவலும் சொன்னார். "இது அறுபத்தாறாம் வருஷத்துச் சாமான்டா. யார் கேட்டாலும் தைரியமாச் சொல்லு." 1975இல் பினாங்கில் ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினாராம். அந்த நண்பர் இப்போது உயிருடன் இல்லை.

இந்தக் கருவியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். லியோ ஃபெண்டர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்காக அவர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். டபுள் பேஸில் சுரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். இதிலோ விரல்பலகையின் குறுக்கே ஃபிரெட் எனும் உலோகக் கட்டைகள் உண்டு. அவற்றை ஒட்டி அழுத்தினால் சுரம் துல்லியமாக விழும். 'பிரிசிஷன்' என்ற பெயருக்கு அதுதான் காரணம். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

கித்தார் என்னிடம் வந்தபோது கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. குளிரூட்டிய அறைக்குள் போனாலோ காற்று காய்ந்துவிடுகிறது. மரம் ஈரத்தைக் குடித்தும் கக்கியும் அசைந்துகொண்டே இருக்கும். அதோடு நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. இந்த இழுவையை எதிர்க்க, கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அக்காலத்து ஃபெண்டரில் அதன் திருகு, உடலோடு கழுத்து சேரும் முனையில் ஒளிந்திருக்கும். தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, கழுத்தையே வெளியே எடுத்தேன். கம்பியைக் கால் சுற்றுதான் முறுக்க வேண்டும். பிறகு மீண்டும் பூட்டி, சுருதி கூட்டி, ஒரு நாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

கழற்றிய கழுத்தின் அடியில் ஒரு முத்திரை தெரிந்தது. முதலில் 5 என்ற எண், அடுத்து மார்ச், அடுத்து 68, கடைசியில் 'சி' என்ற எழுத்து. மார்ச் 5ஆம் தேதி என்று பலர் இதைத் தவறாகப் படிப்பதுண்டு. 5 என்பது பிரிசிஷன் பேஸுக்கான குறியீடு. 'சி' கழுத்தின் அகலத்தைக் குறிக்கிறது. ஆக, இந்தக் கழுத்து 1968 மார்ச்சில் செய்யப்பட்டது. பின்புற உலோகத் தகட்டின் ஆறு இலக்க எண்ணும் 2இல் தொடங்கியது. அந்த வரிசை எண்கள் 1960களின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை. தகடுகளை வரிசைப்படி எடுத்துப் பூட்டவில்லை என்பதால் எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்ல முடியாது. ஆனால் இங்கே இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின.

பெரியப்பாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. அவரோ வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா அவன் என்கிட்ட பொய் சொல்லித்தான் வித்தானா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டு வித்தியாசம் எனக்கு வெறும் கணக்கு. அவருக்கோ அது ஒரு நட்பின் நாணயம். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இதற்கிடையில் ஒலியளவுத் திருகைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் திறமைசாலி, அக்கறையாகவே ஆலோசனை சொன்னார். உள்ளே இருக்கும் மின்பாகங்களையெல்லாம் மாற்றிவிடலாம், தேய்ந்த ஃபிரெட்களைப் பிடுங்கிப் புதியவை போடலாம், உடலுக்குப் புதுச் சாயம் அடிக்கலாம் என்றார். புதிது போல் பளபளக்கும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

முகப்புத் தகட்டை நானே கழற்றினேன். ஒலியளவுத் திருகின் அடியில் இருக்கும் சிறு உருளைப் பாகத்துக்குப் பொட்டென்ஷியோமீட்டர் என்று பெயர். அதன் முதுகில் 1376633 என்று பொறித்திருந்தது. 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் குறியீடு. 66 ஆண்டைக் குறிக்கும். 33 என்பது அந்த ஆண்டின் 33ஆவது வாரம். பழைய கித்தார்களை ஆராய்ந்தவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். 1966இல் இந்தப் பாகங்களை ஃபெண்டர் பெருமளவில் வாங்கிக் குவித்திருக்கிறது. அந்த இருப்பை 1969 வரை செய்த கித்தார்களிலும் பொருத்தியிருக்கிறார்கள். எனவே, 66 என்ற எண் தாங்கிய பாகம் 1968ஆம் ஆண்டுக் கித்தாருக்குள் இருப்பது இயல்பே.

அன்று மாலையே அந்த எண்ணைப் படம் எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினேன். பினாங்கு நண்பரோ, அவருக்கு முன்பு வைத்திருந்தவரோ என்றோ ஒருநாள் முகப்பைத் திறந்து இந்த 66ஐப் பார்த்திருக்கலாம். கழுத்தைக் கழற்றிப் பார்க்கும் தேவை அவர்களுக்கு ஏற்பட்டிருக்காது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை இரண்டு முறை பார்த்தார். "பார்த்ததைச் சொல்லியிருக்கான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த பேச்சு அந்த நண்பர் தேநீரில் எத்தனை கரண்டி சீனி போட்டுக் குடிப்பார் என்பதைப் பற்றிப் போனது.

கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால் அந்தச் சிறு பாகம் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். நண்பரின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. பழம்பொருளைப் பேணுவதில் இதுதான் கடினமான பகுதி என்று இப்போது நினைக்கிறேன். எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கரகரப்புக்கு நான் செய்த வைத்தியம் எளிது. மின்பாகங்களைச் சுத்தம் செய்யும் திரவத்தைச் சிறிதளவு தெளித்து, திருகை முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினேன். சத்தம் நின்றது. பழைய ஈயப்பற்றுகள் அப்படியே இருக்கின்றன.

ஆனால், எதையும் தொடாமல் காப்பதென்றால் அது கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். பெரியப்பாவின் நிபந்தனை உடைந்துவிடும். முதல் ஐந்து ஃபிரெட்களில் தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. அங்கே வாசித்தால் தந்தி அதிர்ந்து இரைந்தது. முழுவதையும் பிடுங்கினால் விரல்பலகையை இழைக்க நேரும். அக்காலத்து ரோஸ்வுட் பலகையோ மெல்லிய தகடாக ஒட்டப்பட்டது. இழைக்க அதிகம் இடமில்லை. ஆகவே ஃபிரெட்களின் மேற்பரப்பை மட்டும் ஒருமுறை சமன்செய்யும்படி அதே கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அதை மிக நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். பள்ளங்கள் பாதியளவு குறைந்தன, இரைச்சல் போயிற்று. மீதிப் பள்ளங்கள் பெரியப்பாவின் விரல்கள் எங்கே அதிகம் நின்றன என்பதை இன்னும் காட்டுகின்றன. தந்திகளையும் நான் மாற்றவில்லை. டெட்ராய்ட் நகரின் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள்.

இப்போது கித்தார் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களும் ஒரு சிறிய குறிப்பேடும் இருக்கின்றன. கழுத்து எண், பொட்டென்ஷியோமீட்டர் எண், டிரஸ் ராடைத் திருப்பிய நாள், ஃபிரெட் சமன்செய்த நாள் எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெரியப்பா தம் கைப்படவே இரண்டு வரி எழுதித் தந்தார். முதல் வரி, பினாங்கு நண்பரின் பெயர். இரண்டாவது வரியில், '1968, உள்ளே 1966' என்று இருக்கிறது.