கணக்கில் வராத பிசிறு

கோவை ஆவாரம்பாளையத்தில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் காதை அடைப்பது லேத் இரைச்சல். அதைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் அரம் தேய்கிற ‘சர்... சர்...’ மட்டும் கேட்கிறது. ஜன்னலோரம் நீள மேஜை, நான்கு பெண்கள், அவர்கள் முன்னால் டிரேக்களில் துளை போட்ட அலுமினியப் பாகங்களும் இரும்புப் பாகங்களும். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊரில், ஜாப் ஆர்டர் எடுத்துப் பிழைக்கும் சிறு பட்டறைகளில் அதுவும் ஒன்று.

“தொட்டுப் பாருங்க தம்பி. விரலை மட்டும் நகத்தாதீங்க” என்று மூத்த அக்கா ஒரு துண்டை நீட்டினார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சொன்னதை மறந்து விரலை நகர்த்திவிட்டேன். நுனியில் சிவப்பாக ஒரு கோடு. “மொத நாள் எல்லாருக்கும் அப்படித்தானுங்க” என்று சிரித்தார்.

விரலைக் கீறியது பிசிறு, துளையின் விளிம்பில் ஒட்டி நிற்கும் மெல்லிய உலோக இழை. டிரில் உள்ளே போகும் பக்கத்தைவிட வெளியே வரும் பக்கத்தில்தான் அது அதிகம். கடைசி இழையைத் தாங்கிப் பிடிக்க அடியில் உலோகம் இருக்காது. அந்த இழை அறுபடாமல் வளைந்து, விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியமும் எஸ்.எஸ். எனும் துருப்பிடிக்காத எஃகும் இழுபடும் ஜாதி, பிசிறு தாராளம். வார்ப்பிரும்பு நொறுங்கும் ஜாதி, தொல்லை குறைவு. டிரில் மழுங்கினால் எதிலும் பிசிறு தடிக்கும்.

இதை விட்டுவைத்தால் என்ன ஆகிவிடும்? முதலாளி ஒரு ஹைட்ராலிக் வால்வு பிளாக்கை எடுத்துக் காட்டினார். உள்ளே துளையும் துளையும் குறுக்கே சந்திக்கும் இடங்கள் பல. அங்கே ஒட்டியிருக்கும் பிசிறு ஒருநாள் உதிர்ந்து எண்ணெயோடு ஓடும். வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற உருளைக்கும் அதன் துளைக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான். தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான். துகள் சிக்கினால் ஸ்பூல் இறுகிவிடும், மெஷின் நின்றுவிடும். பெயின்ட்டுக்கும் கூர் விளிம்பு ஆகாது. அங்கே பூச்சு மெலிந்து, துரு அந்த இடத்திலிருந்தே கிளம்பும்.

அக்காவின் கருவிகள் எளியவை: தட்டை அரம், உருட்டு அரம், ஊசி அரம். விரல்களில் சைக்கிள் டியூபை வெட்டிய உறை. அலுமினியத்தூள் அரத்தின் பல்லில் அடைக்காமலிருக்க முதலில் சாக்பீஸைத் தேய்க்கிறார். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது கிடையாது. முடிந்ததும் விளிம்பில் கொஞ்சம் பஞ்சை ஓட்டுகிறார். ஒரு நூல் மாட்டினாலும் துண்டு மறுபடி மேஜைக்கு வந்துவிடும்.

“எல்லாத்தையும் மழுக்கிட்டாப் போதாதுங்களா?” என்று கேட்டேன். ஸ்பூலைக் காட்டினார். “இதுல பிசிறு போகணும், முனை நிக்கணும். முனை மழுங்கிட்டா எண்ணெய் கசியும், ஜாப் ரிஜெக்ட் ஆயிரும்.” அந்த வேலையின் நுட்பம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது.

மெஷின்களும் உண்டு. பீங்கான் கற்களோடு பாகங்களைக் குலுக்கும் வைப்ரோ இருக்கிறது. மூடிய அறையில் எரிவாயுவையும் ஆக்சிஜனையும் நிரப்பிக் கொளுத்தும் முறையும் இருக்கிறது. மெல்லிய பிசிறு நொடிக்குள் எரிந்துவிடும், கனத்த பாகம் தப்பிவிடும். சிறு பட்டறைக்கு அந்த முதலீடு கட்டாது. குலுக்குகிற மெஷினுக்கு எந்த முனையை விட்டுவைப்பது என்றும் தெரியாது.

“கம்பெனிக்காரங்க மெஷின் ஓடுற நேரத்துக்குத்தான் ரேட் பேசுவாங்க. பிசிறுக்குத் தனியாக் கேட்டா, அதெல்லாம் சேத்துத்தானேம்பாங்க” என்றார் முதலாளி. டிராயிங்கைப் புரட்டினேன். ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு விலகலாம் என்ற டாலரன்ஸ் இருந்தது. விளிம்புக்கு மட்டும் மூலையில் ஒரு வரி: பிசிறையும் கூர் முனையையும் நீக்கவும். எவ்வளவு என்று எண் இல்லை. விளிம்பை எண்ணால் குறிக்க ஐ.எஸ்.ஓ. 13715 என்றொரு தரநிலையே இருக்கிறது. டிராயிங் போடுபவர்கள் அதைப் பயன்படுத்தட்டும்; கொட்டேஷனில் பிசிறு எடுக்கத் தனி வரி வரட்டும். எண் இல்லாத வேலைக்குக் கூலியும் இருக்காது.

கிளம்பும்போது வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். லேத்காரருக்கு ‘டர்னர்’ என்று எழுதியிருந்தது. அக்காவின் பெயருக்கு நேரே ‘ஹெல்பர்’.