அப்பாவுக்குக் கேட்காத சலங்கை!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பையிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்து வெளியே வைத்தேன். "என்ன அம்மிணி இது... மரத்துல செஞ்சு வெச்சிருக்காங்க, மரப்பாச்சியாட்ட?" என்றார் அம்மா. அடுத்த கேள்வி விலை. பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, "அந்தப் பணத்துக்குத் தங்கக்காசு எடுத்திருக்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேட்டிகளைக் கேட்டுக் கேட்டு டைப் செய்வதுதான் என் வேலையில் பாதி. அதற்குக் கம்பெனி கொடுத்த இயர்போனே போதும். ஆனாலும் ஒரு வருடம் மனதில் வைத்திருந்து, ஒருவர் பயன்படுத்திய 'சென்டி அப்போலோ'வை வாங்கினேன். இரண்டு பக்கமும் ரோஸ்வுட். நம் ஊரில் ஈட்டி மரம் என்பார்களே, அந்த வகை. கையில் எடுத்தால் பழைய வீட்டுக் கதவின் கைப்பிடியைத் தொட்டது மாதிரி இருக்கும்.

மரம் இருப்பதால் இசை இனிக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. தஞ்சாவூர் வீணையின் பலா மரம் அதிர்ந்துதான் நாதம் பிறக்கிறது. ஹெட்போனிலோ மரம் அதிராமல் சும்மா இருப்பதே நல்லது. வேலை செய்வது உள்ளே இருக்கும் மெல்லிய படலம்.

சாதாரண ஹெட்போனில் ஒரு கூம்பின் நடுவில் கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். நடுவில் தள்ளத் தள்ள, மற்ற பகுதி இழுபட்டுப் பின்னால் போகும். 'பிளானர் மேக்னடிக்' வகையில் படலம் முழுக்க உலோகத் தடங்கள் வரி வரியாக ஓடும். அருகில் வரிசையாகக் காந்தங்கள். மின்சாரம் பாய்ந்தால் படலம் மொத்தமும் ஒரே சேர அசையும், கொடியில் காயும் புடவை முழுவதிலும் காற்று படுவதுபோல. புதுச் சரக்கு ஒன்றுமில்லை. 1976-லேயே யமஹா இந்த முறையில் ஹெச்.பி-1 என்ற ஹெட்போனை விற்றது. அதை வடிவமைத்தவர் இத்தாலியின் மரியோ பெல்லினி.

படலத்தின் படத்தை போனில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "பாவு ஓட்டுன மாதிரியே இருக்குது" என்றார். குமாரபாளையத்தில் 31 வருடம் விசைத்தறி ஓட்டியவர். வேறு எப்படிச் சொல்வார்?

கேட்கும் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் நாள் எனக்குப் பெரிய பிரமிப்பெல்லாம் வரவில்லை. பேஸ் குதித்து அடிக்காது. ஆனால், தம்புராவின் நாலு தந்தியும் தனித்தனியாக நிற்கும். பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்கும். ஒரு வாரம் கழித்துப் பழைய இயர்போனை மாட்டியபோதுதான், எல்லோரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிட்டது மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட 400 கிராம் எடை என்பதால் ஒரு மணி நேரத்தில் உச்சி வலிக்கும். சென்னை வெயிலில் காது வியர்த்துக் கொட்டும். அதைவிடப் பெரிய சங்கடம், இது 'ஓப்பன் பேக்'. மரச் சட்டத்துக்கு நடுவில் உலோக வலைதான், பின்பக்கம் மூடியிருக்காது. குக்கர் விசில் உள்ளே வரும், நாம் கேட்பது வெளியே போகும். ரகசியமாகப் பேசிய ஒருவரின் பேட்டியை அலுவலகத்தில் இதில் ஓடவிட்டு, பக்கத்து சீட் அண்ணன் திரும்பிப் பார்த்த பிறகு அங்கே கொண்டுபோவதையே நிறுத்திவிட்டேன்.

அந்தக் குறைதான் அன்றைக்கு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது.

சாயங்காலம் அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். அவருக்குப் பிடித்த ஒரு பழைய பரதப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டார். "மிருதங்கம் நெஞ்சுக்குள்ளயே அடிக்குது கண்ணு" என்றார் சத்தமாக. எனக்கு ஏக சந்தோஷம். நடுவில் சலங்கை மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே அது வலை வழியாகக் கணீரென்று கேட்டது.

அப்பா கண்ணைத் திறந்து, "பாட்டு நின்னுபோச்சே" என்றார்.

ஒயர் கழன்றிருக்குமோ என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அதே இடத்தில் "நின்னுபோச்சு". வெளியே இருக்கும் எனக்குக் கேட்கும் சத்தம், காதிலேயே வைத்திருக்கும் அவருக்குக் கேட்கவில்லை.

போனில் ஒரு ஆப்பைப் போட்டு ஒவ்வொரு அலைவரிசையாக ஒலிக்கவிட்டேன். முறையான பரிசோதனை இல்லைதான். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். 250 ஹெர்ட்ஸ், 500, 1,000... பள்ளிக்கூடப் பையன் மாதிரி டக்கென்று தூக்கினார். 4,000 வந்தபோது கை மடியிலேயே இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தார்போல.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். டி.வி சத்தத்துக்காகத் தினமும் சண்டை போடுபவர், "நடிக்கிறாருன்னு நெனச்சேனே" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வேறொன்று உறைத்தது. சென்னைக்கு வந்த நாலு வருடமாக, போன் செய்தால் அப்பா, "சரி கண்ணு, சாப்பிட்டியா... அம்மாகிட்ட தர்றேன்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். அவருக்கு என் வேலை பிடிக்கவில்லை, அதனால்தான் பேசுவதில்லை என்று தோழிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து ஈரோட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். ஆடியோகிராம் தாளில் கோடு சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் இறங்கியிருந்தது. இரண்டு காதிலும். வயதும் ஒரு காரணம், ஆனால் இந்த இடத்தில் இப்படிப் பள்ளம் விழுந்தால் சத்தத்தில் வேலை பார்த்தவரா என்றுதான் முதலில் கேட்போம் என்றார் டாக்டர். உள்காதில் இருக்கும் மயிரிழை செல்கள் செத்தால் மறுபடி முளைக்காதாம். ச, ஸ, ஷ மாதிரியான ஓசைகள் எல்லாம் அந்த மேல் அலைவரிசையில்தான் வருகின்றன. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. போனில் இன்னும் மோசம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தறிப்பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச முடியும். அப்பா வாரத்துக்கு ஆறு நாள், ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்.

"காதுல பஞ்சு வெச்சிருக்கலாமுங்களேப்பா?" என்று பஸ்ஸில் கேட்டேன். "பஞ்சு வெச்சா நூல் அறுந்தது எப்படித் தெரியும்? தறி ஓடுற சத்தம் மாறும்ல... அதை வெச்சுத்தான கண்டுபிடிக்கறது" என்றார்.

இப்போது நான் போன் செய்தால் வீடியோ காலில்தான் பேசுகிறோம். வாயசைவைப் பார்த்தால் அவருக்குப் பாதி புரிந்துவிடுகிறது. போன வாரம் பதினோரு நிமிடம் பேசினார், பெரும்பாலும் எங்கள் தெரு சாக்கடை பற்றி. ஹெட்போனை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது வேலைக்கு ஆகாது, மிருதங்கத்துக்கு மட்டும்தான் என்று அவருக்கும் தெரியும். சத்தத்தை ஏற்ற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா கறாராகக் கவனித்துக்கொள்கிறார். வலை வழியாக ஓசை கூடினால், "வெளிய கேக்குது, கொறைங்க" என்று உள்ளே இருந்து குரல் வருமாம்.

காது மெஷின் இன்னும் வாங்கவில்லை. "சித்திரை கழியட்டும்" என்கிறார் அப்பா.