மலடி என்றார்களே!

மாங்கனித் திருவிழாவுக்காகக் காரைக்காலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாம்பழம் வீசி முடித்து ஓய்ந்து உட்கார்ந்தபோது பேச்சு பழைய கதைக்குப் போயிற்று.

"எங்க தாத்தாவுக்கு முதல் தாரம் ஒருத்தி இருந்தாளாம். மலடி. ராசியில்லாதவ. அதான் எங்க ஆயாவைக் கட்டினார்" என்றாள் அம்மா.

"அவ பேர் என்னம்மா?"

யாருக்கும் தெரியவில்லை. நகை வேலை செய்த அந்தத் தாத்தாவின் ஊதுகுழல்கூடப் பரணில் இருக்கிறது. கட்டியவள் பெயர் இல்லை! எனக்கு மனசே கேட்கவில்லை.

காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் அல்லவா? பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் 'எத்தா சிவில்' பதிவேட்டில் எழுதுவார்கள். ஒரு பிரதி பிரான்சுக்குப் போய்விடும். எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் பழைய பதிவுகளை இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கும்படி செய்திருக்கிறது. அண்ணன் மகள் திறந்து கொடுத்தாள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

லேசான வேலை இல்லை. 1881-ல் வந்த சட்டப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள்தான் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் பெயர்தான். தாத்தா பெயரிலேயே ஏழெட்டுப் பேர்! தகப்பன் பெயரையும் தொழிலையும் வைத்துச் சலித்தோம். 'ஒர்ஃபேவ்ர்' என்றால் தட்டார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்து. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மலடியாம்! அவள் நாலு பெற்றிருக்கிறாள். முதல் குழந்தை எட்டு நாள் இருந்தது. அடுத்தது ஒன்பது நாள். மூன்றாவது ஏழு மாதம். நாலாவது பிறந்த ஐந்தாம் நாள் அவளே போய்விட்டாள், குழந்தையும் பின்னாலேயே. வயது இருபத்திரண்டு.

என்ன நோய் என்று அந்தப் பதிவில் எழுதுவதில்லை. ஆனால் பிறந்த ஒரு வாரம் பத்து நாளில் குழந்தை போனால் 'ஜன்னி' என்பார்களே நம் பாட்டிமார்கள்? சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடி அறுத்தால் ரணஜன்னி வரும். கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் பிள்ளைக்கும் சேர்த்துக் காப்பு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். அந்த ஊசி இல்லாத காலத்தில் வாழ்ந்தவளைப் போய் நூறு வருஷமாக ராசியில்லாதவள் என்றிருக்கிறோம்.

பெயர்? இன்னார் சம்சாரம் என்று மொட்டையாக விடாமல், அவள் பெயரையும் அவள் தகப்பன் பெயரையும் எழுதியிருந்தார்கள். பெரியவர் வாசித்ததும் நான், "மாமா, தப்பா எடுத்திட்டீங்க, அது எங்க பாட்டி பேர்" என்றேன். இல்லையாம். வருஷம் வேறு, தகப்பன் வேறு. பாட்டி பிறந்தது அதற்குப் பல வருஷம் கழித்து, இரண்டாம் தாரத்தின் மூத்த பெண்ணாக. அந்தக் குழந்தைக்குத்தான் தாத்தா இந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

பரமதத்தனும் பாண்டிய நாட்டில் பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றுதானே பெயர் வைத்தான்? வருஷா வருஷம் திருவிழாவில் கேட்கிற கதை. எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது தெரியாமல் மாம்பழம் வீசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்த ஏழு மாசத்துப் பிள்ளை ஆணா, பொண்ணா? மறுபடி படிக்கச் சொல்லு" என்றாள்.