பாதி மருந்து

உங்களில் எத்தனை பேர் துப்பாக்கியைக் கையில் எடுத்திருப்பீர்கள்? நான் தீபாவளி கேப் துப்பாக்கியோடு சரி. அதிலும் பாதி வெடிக்காது. கல்லால் தட்டி வெடித்ததுதான் அதிகம். அப்படிப்பட்டவன் 2022 நவம்பரில் ஒரு பெரியவரின் கார் ஷெட்டில் உட்கார்ந்து, நிஜத் தோட்டா தயாராவதை ஒரு சாயங்காலம் முழுக்க வேடிக்கை பார்த்தேன் என்றால் என் மனைவியே நம்பவில்லை.

இடம், அமெரிக்காவில் பென்சில்வேனியா. மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் பக்கம் நவம்பர் கடைசியில் மான் வேட்டை ஒரு திருவிழா மாதிரி. முன்பெல்லாம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை ஆரம்பிக்கும். பல பள்ளிக்கூடங்களுக்கு அன்றைக்கு லீவே விடுவார்கள். 2019-லிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கி, பளீர் ஆரஞ்சு கலரில் மேல்சட்டை மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் நெருடும். எனக்கும் நெருடியது. ஆனால், அதற்குப் பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. சொல்ல வந்தது வேறு.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு வயதில் ஒரு பேத்தி. அவளுடைய அப்பா, அதாவது பெரியவரின் மகன், மூன்று வருஷம் முன்பு இறந்துபோனார். அவருடைய துப்பாக்கி இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பாதுகாப்புப் பயிற்சி முடித்த பேத்தி, "சுட்டா அப்பா துப்பாக்கியிலதான் சுடுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அது 'தர்ட்டி ஆட் சிக்ஸ்' ரகம். 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. இரண்டு உலகப் போர்களைப் பார்த்தது. குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி நேராகத் தோளில் வந்து பாடம் நடத்தும். முதல் தடவை சுட்டபோதே குழந்தைக்குத் தோள் கன்றிப்போய் அழுதுவிட்டாளாம்.

பெரியவர் வேறு துப்பாக்கி வாங்கவில்லை. தோட்டாவை மாற்ற உட்கார்ந்தார்.

சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை அவர் எறிவதில்லை. மேஜையில் முடுக்கிய ஒரு கைப்பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் கூடு பழைய அளவுக்கு வரும். அடியில் எரிந்துபோன பிரைமர் கழன்று விழும். புதுப் பிரைமர், மேலே மருந்து, வாயில் குண்டு. தோட்டா ரெடி. மருந்தை நிறுக்க ஒரு குட்டித் தராசு. அளவு கிரெயினில். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். அந்தக் காலத்தில் தானிய மணியை வைத்து வந்த எடையாம். நம் ஆசாரி குன்றிமணி போட்டுத் தங்கம் நிறுத்த ஞாபகம் வந்தது எனக்கு.

"உதை குறையணும்னா மருந்தைக் குறைச்சாப் போச்சு. இதுக்கு எதுக்கு இவ்வளவு புத்தகம்?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

பெரியவர் மூக்குக்கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்படி நெனச்சவங்க சில பேருக்குக் கையே போயிருக்கு."

அப்புறம் விளக்கினார். ரொம்பக் குறைத்தால் குண்டு குழலைத் தாண்டாமல் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மெதுவாக எரிகிற சில மருந்துகள் இன்னும் விபரீதம். ஓர் அளவுக்குக் கீழே போனால் சாந்தமாக எரிவதற்குப் பதில் திடீரென்று அழுத்தம் எகிறி, துப்பாக்கியே சிதறியிருக்கிறது. அடுத்து, மருந்து கொஞ்சமாக இருந்தால் கூட்டில் பாதிக்கு மேல் காலி. மறதியில் இரண்டாவது தடவை ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் எந்த மருந்தைக் குறைக்கலாம், எதுவரை குறைக்கலாம் என்று கணக்கு உண்டு. அவர் வைத்திருந்தது ஹாட்ஜ்டன் கம்பெனியின் 'எச் 4895'. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை வாங்கிச் சில்லறையில் விற்று ஆரம்பித்த கம்பெனி அது. இந்த மருந்துக்கு அவர்களே ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: உச்ச அளவில் அறுபது சதவிகிதம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே கூடாது. உதை ஏறக்குறைய பாதியாகிவிடும். தவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்படியும் பெரியவர் ஐம்பது கூடுகளை மரப்பலகையின் குழிகளில் நிற்க வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு தடவை! (வாசகர்கள் யாரும் வீட்டில் முயல வேண்டாம். நம் ஊரில் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.)

மறுநாள் துப்பாக்கி பழகும் மைதானத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். பேத்தி சுட்டாள். முன்னைப்போல உதை இல்லை. ஆனாலும் குறி தாறுமாறு. அப்போது பெரியவர் ஒரு வேலை செய்தார். அவளுக்குத் தெரியாமல், மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை நடுவில் போட்டுக் கொடுத்தார். அவள் விசையை அழுத்தினாள். 'டிக்.' அவ்வளவுதான். வெடியில்லை, உதையில்லை. ஆனால் குழந்தை கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்க, குழல் முனை தரையைப் பார்த்துத் துள்ளியது.

"பாத்தீங்களா? இந்தத் தோட்டா அவளை உதைக்கலை. போன வருஷத்துத் தோட்டா இன்னும் உதைச்சிட்டிருக்கு" என்றார் மெதுவாக.

எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்தது. காரணம் துப்பாக்கி இல்லை.

மகள் வீட்டில் எட்டு வயதுப் பேரன். வந்த முதல் வாரமே தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று ஆத்திசூடியை எடுத்து, நாளைக்குப் பத்து வரி என்று கணக்குப் போட்டு உட்கார வைத்திருந்தேன். தப்பு விட்டால் குரல் கொஞ்சம் உயரும். கொஞ்சம் என்பது என் கணக்கு. இரண்டாவது வாரம் நான் நோட்டைத் திறந்தாலே அவன் கண்ணை மூடித் தோளை ஒடுக்குவான். நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 'கொட்டாவி விடுறான், சோம்பேறி' என்று நினைத்தேன். என் அப்பா பிரம்போடு உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார். இன்றைக்கும் யாராவது பதினாறெட்டு என்றால் எனக்குக் காது சுடும். எனக்குப் போட்ட அதே முழு அளவை நான் பேரனுக்கும் போட்டிருக்கிறேன்.

"போதும்ப்பா, விட்டுடுங்க" என்று மகள் சொன்னபோது, நடுவில் ஒரு வாரம் ரோஷத்தில் ஒரேயடியாக விட்டும் பார்த்தேன். திரும்ப உட்கார்ந்தபோது தெரிந்த எழுத்தும் அவனுக்கு மறந்திருந்தது. குண்டு நடுக்குழலில்!

அன்று ராத்திரி நோட்டை மூடி வைத்தேன். மறுநாளிலிருந்து ஒரே ஒரு வரி. அதுவும் நடந்துகொண்டே. தப்பாகச் சொன்னால் சரியானதை நான் ஒரு தடவை சொல்வேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. பெரியவரின் டார்ச் மாதிரி, வாயைத் திறக்கும் முன் என் குரலை இரண்டு தடவை சோதித்துக்கொண்டேன். பத்து நாள் வரை அவன் கண் சுருங்கத்தான் செய்தது.

சீசன் முதல் நாள் தாத்தாவும் பேத்தியும் வெறுங்கையோடு திரும்பினார்கள். மான் வந்ததாம். தூரம் அதிகம், பாதி மருந்துக்குத் தாங்காது, காயம்பட்டு ஓடினால் பாவம் என்று பேத்தியே துப்பாக்கியை இறக்கிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து மான் அடித்தவர் மாதிரி இருந்தார்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட் போகிற வழியில் பேரனுக்கு அன்றைய வரியைச் சொன்னேன். திருப்பிச் சொன்னான். கண் மூடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, இன்னிக்கு ஒண்ணுதானா?"