லஸ் பூங்கா மைனாக்கள்

பள்ளி விட்டு வந்ததும் தாத்தாவோடு மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போவது வழக்கம். 1893இல் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர்தான் பூங்காவுக்கு. தாத்தாவுக்கோ தைலத்தைவிடப் பூங்கா மேல்தான் நம்பிக்கை. தலைவலித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தோட்டக்காரர் ரப்பர் குழாயை இழுத்துவந்து புல்லுக்குத் தண்ணீர் விட்டால் போதும், எங்கிருந்தோ மைனாக்கள் இறங்கிவிடும். ஈரம் பட்டதும் பூச்சிகள் வெளியே வருமே, அதற்காக. மேற்பார்வைக்கு வந்த என்ஜினீயர் மாதிரி மிடுக்காக நடக்கும். பழுப்பு உடம்பு, கறுத்த தலை, கண்ணோரம் மஞ்சள் தோல். பறக்கும்போது சிறகில் வெள்ளை பளிச்சிடும். இறகைச் சிலிர்த்து, தலையைக் குனிந்து குனிந்து நிமிர்த்தி ஒரு கச்சேரி வைக்கும். விசிலும் கரகரப்பும் கலந்த அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கே தயக்கம்தான்.

"மயிலாப்பூர்ல மயிலே இல்லையே தாத்தா?"

"மயில் எதுக்குடா? மைனாவைப் பாரு."

கருங்கொண்டை நாகணவாய் என்ற இன்னொரு வகை மைனா எப்போதாவது வரும். அன்று தாத்தாவைப் பெஞ்சிலிருந்து கிளப்ப முடியாது.

நடைபாதை ஓர மரத்தில், பட்டுப்போன கிளையில் ஒரு பொந்து. ஒருநாள் அலகில் பல்லவன் பஸ் டிக்கெட்டைக் கவ்விக்கொண்டு ஒரு மைனா உள்ளே நுழைந்தது. அடுத்து நூல், அப்புறம் பாலித்தீன் துண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமந்தன. நீல நிற முட்டை இருக்கும் என்றார் தாத்தா. ஏணி மட்டும் கேட்டுத் தரவில்லை.

மெல்பர்னில் இருக்கும் அத்தை மகனுக்கு மைனா என்றாலே எரிச்சல். பூச்சி தின்னட்டும் என்று 1862இல் அங்கே கொண்டுபோய் விட்டார்களாம். இப்போது உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது. அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் இங்கே அது வந்தேறி இல்லை, சொந்த ஊர்ப் பறவை.

அதற்கும் பொந்துதான் வேண்டும். அழகுபடுத்துகிறோம் என்று காய்ந்த கிளையை வெட்டுவதும், மரப்பொந்தில் சிமெண்ட் அடைப்பதும் இப்போது ஊரெங்கும் நடக்கிறது. ஆள் தலையில் விழுகிற கிளையை வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்றதை விட்டுவையுங்கள்.