அத்திப்பழத்து அடை

வீடு சந்திப்புக்குப் போனால், வேதப்புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சாம்மா?" போதகராகி வெகுகாலம் கழித்துத்தான் அதைக் கேட்கக் கற்றேன்.

ஊழியத்துக்கு வந்த புதிதில், ஞாயிறு ஆராதனையில் ஓர் இளம்பெண் சாட்சி சொன்னாள். இருமுனை மனநோய்க்காக லித்தியம் சாப்பிட்டு வந்தவள். "கர்த்தர் சுகம் தந்துட்டார், மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். சபை அல்லேலூயா சொன்னது, நானும் சொன்னேன். இரண்டு மாதத்தில், தூக்கமின்றி இரவெல்லாம் தெருவில் நடந்தவளை அவள் அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும் என்று டாக்டர் விளக்கினார். நான் தலைகுனிந்து நின்றேன்.

பிறகு, தெரிந்த வேதபகுதிகளையே மறுபடி வாசித்தேன். எசேக்கியா ராஜாவுக்குக் குணமாக்குவேன் என்ற வாக்கும் ஆயுசில் 15 வருஷமும் கிடைத்துவிட்டன. அதற்கு அப்புறமும் ஏசாயா, அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தம் பற்றைத் தள்ளவில்லை. சாவைக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் தந்து தூங்கவிட்டான். லித்தியமும் கர்த்தர் பாறையில் வைத்த பொருள்தான். 1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் அதன் பயனைக் கண்டு எழுதினார்.

எங்கள் வீடுகளில் சுகர் மாத்திரை சாப்பாட்டு மேசையில் இருக்கும். மனசுக்கான மாத்திரை பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கும். "ஐயா, இதைச் சாப்பிட்டா விசுவாசம் குறைவுன்னு ஆயிடுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்யப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி முதல் வாரத்திலேயே வரலாம். பலர் கைவிடுவது அந்த இடைவெளியில்தான். அதனால் அந்த வாரங்களில் அடிக்கடி போவேன். தேறியபின் நிறுத்த நினைப்பவர்களிடம், "டாக்டரைக் கேட்காம வேண்டாம்" என்பேன்.

சிலுவையைச் சுமக்க வேண்டாமா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். வேண்டும்தான். ஆனால் தூக்கமும் பசியும் போன ஒருவரால் ஒரு சங்கீதத்தைக்கூட முடிக்க முடிவதில்லை; மாத்திரை எடுத்தபின் மறுபடி ஜெபிக்கிறேன் என்று சொன்னவர்களை அறிவேன். குற்றவுணர்வு, மன்னிப்பு, துக்கம் இவற்றுக்கு மாத்திரை பதில் சொல்லாது. அங்கே உட்கார்ந்து கேட்பது என் வேலை.

என் ஜெபமும் மாறியது. "மருந்தில்லாமல் சுகம் தாரும்" என்றவன், இப்போது மாத்திரை அட்டையை அவர்கள் கையில் வைத்து, அதை ஆசீர்வதிக்கக் கேட்கிறேன்.

சில வருஷம் கழித்து, அறுப்பின் பண்டிகையில் அந்தப் பெண் மறுபடி சாட்சி சொல்ல எழுந்தாள். "கர்த்தர் சுகமா வச்சிருக்கார். மாத்திரையும் தினமும் சாப்பிடுறேன்." சபை அமைதியாக இருந்தது. நான் எழுந்து நின்று அல்லேலூயா சொன்னேன்.