வைட்வாட்டரில் ஒரு குளிர்ந்த அறை

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள மில்வாக்கி மாநகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் பயணம் செய்தால், வைட்வாட்டர் என்னும் சிற்றூரை அடையலாம். விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூரில் சனவரி மாதத்துச் சில இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 டிகிரி செல்சியசுக்கும் இறங்குவதுண்டு. அவ்வேளையில் வீட்டினுள் வெப்பம் நின்றுவிட்டால், குழாயிலுள்ள நீர் உறைந்து குழாயையே பிளந்துவிடும். வீட்டைச் சூடாக வைத்திருப்பது அங்கே உயிர்காக்கும் ஏற்பாடாகும்.

இவ்வூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இங்கிருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்பார் பேராசிரியராகப் பணியாற்றினார். அந்நாளில் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் நுழைந்து, சூடு மிகுதியா குறைவா எனப் பார்த்து, பின்னர் நிலவறைக்கு இறங்கிச் சென்று வெப்பத்தைச் சரிசெய்வார். பாடம் இடையறாது நடக்க விரும்பிய ஜான்சன், அறையின் வெப்பநிலையைத் தானே உணர்ந்து மின்சாரத்தின் வழியே அறிவிக்கும் கருவியை அமைத்து, 1883-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1885-இல் மில்வாக்கியில் அதற்கெனத் தொழில் நிறுவனமும் தோன்றியது. இன்று வீட்டுச் சுவர்களில் காணும் தெர்மோஸ்டாட்டின் வரலாற்றில் இவ்வூருக்கு இவ்வாறு இடமுண்டு.

இவ்வூரில் நாம் தங்கிய இல்லத்தில் கணவன், மனைவி, மனைவியின் வயது முதிர்ந்த தாயார் ஆகிய மூவர் வாழ்ந்தனர். நிலவறையில் நீரைச் சூடாக்கும் பாய்லர் இருந்தது. சூடான நீர் இரு பிரிவுகளாக ஓடியது: ஒன்று கீழ்த்தளத்திற்கு, மற்றொன்று மேல்மாடிக்கு. பிரிவுக்கு ஒரு தெர்மோஸ்டாட்டும் ஒரு மின்வால்வும் உண்டு. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் வால்வைத் திறக்கச் சொல்லும். வால்வு முழுதும் திறந்ததும் அதனுள் உள்ள சிறு சுவிட்சு, பாய்லரையும் பம்பையும் இயங்கச் சொல்லும். ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி சொல்லி அனுப்புவது போன்ற ஏற்பாடு இது.

மேல்மாடியில் உறங்கிய மூதாட்டி, இரவெல்லாம் அறை குளிர்கிறது என்று முறையிட்டு வந்தார். பகலில் சென்று பார்த்தால் அறை இதமாகவே இருந்தது. பழுது பார்க்க வந்தவர்கள் புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்திச் சென்றனர், குறை தீரவில்லை. முதுமையில் உடல் குளிர்வது இயல்பே என்று வீட்டார் முடிவு செய்துவிட்டனர். ஆயினும் முதியோர்க்குக் குளிரறை இதயத்திற்கும் நுரையீரலுக்கும் கேடு. குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரியேனும் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவுறுத்தியுள்ளது.

பின்னர் வந்த அனுபவமிக்க தொழிலாளி ஒருவர், கருவியைத் தொடுமுன் மூதாட்டியின் அருகே அமர்ந்து, எந்நேரத்தில் குளிர்கிறது என்று வினவினார். வீட்டார் உறங்கச் செல்லும்போது கீழ்த்தளத்தின் வெப்பத்தைக் குறைத்து வைப்பதை அப்பொழுதுதான் அறிந்தார். உடனே கீழ்த்தளத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, மேல்மாடியுடையதை உயர்த்திவிட்டு, நிலவறைக்கு இறங்கினார். மேல்மாடி வால்வு திறந்தது, பாய்லரோ அசையவில்லை. வால்வினுள் இருந்த சிறு சுவிட்சு பழுதுற்றிருந்தது. பகலில் கீழ்த்தளம் பாய்லரை இயக்கியதால், திறந்திருந்த வால்வின் வழியே மேல்மாடிக்கும் வெப்பம் கிடைத்தது. இரவில் கீழ்த்தளத்திற்கு வெப்பம் தேவைப்படாதபோது, மேல்மாடியின் வேண்டுகோள் பாய்லரை எட்டவேயில்லை. வால்வின் மேற்பகுதியை மாற்றியதும் குறை நீங்கியது.

அவர் கூறிய வேறு சில அடையாளங்களும் பயனுள்ளவை. ஒரு பிரிவு சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், பாய்லரைக் குறைகூற வேண்டியதில்லை. குளிர்ந்த பிரிவிலேயே தேட வேண்டும். தெர்மோஸ்டாட்டில் மின்கலம் தீர்ந்திருக்கிறதா என முதலில் பார்க்க வேண்டும். வால்வுக்கு ஒருபுறம் குழாய் சூடாகவும் மறுபுறம் குளிர்ந்தும் இருந்தால், வால்வு திறக்கவில்லை எனலாம். வேண்டாதபோதும் அறை சூடாகிக்கொண்டே இருந்தால், வால்வு மூடாமல் சிக்கியிருக்கக்கூடும். தெர்மோஸ்டாட்டின் அருகே விளக்கோ வெயிலோ இருந்தால், அறை குளிர்ந்திருந்தும் அது சூடென்று ஏமாறும். கம்பி வரும் துளை வழியே குளிர்காற்று புகுந்தாலோ எதிர்மாறாக ஏமாறும். மின்னிணைப்பைத் திறந்து பார்ப்பதும் பாய்லரைத் தொடுவதும் பயிற்சி பெற்றவர்க்கே உரியவை.

அறைதோறும் சென்று பார்க்கும் வேலையை ஜான்சனின் கருவி குறைத்தது. ஆனால் கருவி தன் சுவரின் வெப்பத்தை மட்டுமே அறியும்; குளிரில் நடுங்குபவரின் சொல்லை நாமே சென்று கேட்க வேண்டும். முதியோர் ஒருவர் குளிர்கிறது என்று சொன்னால், அவர் சொல்லும் நேரத்தில், அவர் இருக்கும் அறையிலேயே சென்று நிற்பது நம் முதற்கடமையாகட்டும்.